ஜிமெட்டுக்கு முன்னம் வீக் ஏரியாவைத் திருத்துறம் எண்டு செய்யிற பிழைகள்

ஏ/எல்லுக்கு பாஸ்ட் பேப்பர் செய்து செய்தே தேறின ஆக்கள் நாங்கள், அதால எம்பிஏ படிக்கப் போறதுக்கு எழுதுற ஜிமெட் எக்ஸாம் எண்டதும் கை தானா அதுக்குத்தான் போகும். கிழமைக்கொரு மொக் (மாதிரிப் பரீட்சை) செய்யிறது, ஸ்கோரை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வட்ஸப் குரூப்பில போடுறது, "திருப்பியும் அதே மார்க்ஸ்தான் மச்சான்" எண்டு ரெண்டு நாள் சோகம், பிறகு அடுத்த மொக். மொக் எங்க ஓட்டை எண்டு காட்டும், அடைச்சுத் தராது. ஜிமெட்டின்ட ஒஃபிஷல் சைட்டான எம்பிஏ டொட் கொம்ல ஃப்ரீயா கிடைக்கிற ஒஃபிஷல் மொக் ரெண்டே ரெண்டுதான், அதையும் முதல் மாசத்திலயே கரைச்சிட்டா கடைசியில உங்கட உண்மையான நிலைமையை என்னத்தை வச்சுப் பார்க்கிறது?

அடுத்தது இந்த "எனக்கு வேர்பல் வீக்" கதை. இப்பத்தைய வேர்பல்ல, அதாவது இங்லிஷ் பகுதியில, ரீடிங் கொம்ப்ரிஹென்ஷனும் (பந்தி வாசிச்சு விளங்கிறது) கிரிட்டிக்கல் ரீசனிங்கும் (ஒரு வாதத்தை எடைபோடுறது) மட்டும்தான் இருக்கு, ரெண்டும் ரெண்டு விதம். பெசேஜ் வாசிச்சு ஒழுங்கா விடை எழுதுற ஆள், "இதில இருந்து எதை முடிவெடுக்கலாம்" எண்டு கேட்டா மட்டும் பிழைக்கிறார் எண்டு வைப்பம், ஏனெண்டா பேங்க்ல வேலை, வட்டி வீதத்தைப் பற்றிக் கேள்வி வந்தா பந்தியில இல்லாத தன்ட அனுபவத்தையும் சேர்த்து யோசிக்கிறார். அவருக்குத் தேவை இங்லிஷ் கிளாஸும் இல்ல, வொகாபுலரி லிஸ்டும் இல்ல, அந்த ஒரு பழக்கத்தை விடுறதுதான். இதைக் கண்டுபிடிக்காம வேர்பல் முழுக்கத் திருப்பிப் படிச்சா மூண்டு மாசம் போகும், பிழை அப்பிடியே இருக்கும்.

இதை விட மோசமானது "கெயார்லெஸ் மிஸ்டேக்" எண்ட சொல்லு. பிழைச்ச கேள்வியில பாதிக்கு மேல இந்த லேபலை ஒட்டிட்டுப் போறவங்கள் கனபேர், என்னைக் கேட்டா அந்தச் சொல்லையே தடை செய்யோணும். x கண்டுபிடிச்சிட்டு கேட்டது 2x எண்டதைக் கவனிக்காம விட்டது, விலை 20% கூடி பிறகு 20% குறைஞ்சா பழைய விலைக்கே வரும் எண்டு அவசரத்தில நினைச்சது (100, 120 ஆகி 96க்குத்தான் வரும்), இதெல்லாம் ஒருக்கா நடந்தா சரி, திருப்பித் திருப்பி நடந்தா அதுதான் உங்கட வீக் ஏரியா. ஒரு கொப்பி வாங்கி ஒவ்வொரு பிழைக்கும் ஒரு வரி எழுதுங்கோ: விஷயம் தெரியாமலா, கேள்வியைப் பிழையா வாசிச்சதா, நேரம் காணாத அவசரமா. விளக்கத்தை வாசிச்சு "ஆ விளங்குது" எண்டு தலையாட்டுறதை நம்பவே வேண்டாம், ஒரு கிழமை கழிச்சு அதே கேள்வியை வெறும் பேப்பர்ல திருப்பிச் செய்து பாருங்கோ, அப்ப தெரியும் விளங்கினதா இல்லையா எண்டு.

வெள்ளவத்தையில அண்ணாமார் தந்த பழைய புத்தகங்களை வச்சுப் படிக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லோணும். 2024 பெப்ரவரியில இருந்து புது ஜிமெட் மட்டும்தான். சென்டென்ஸ் கரெக்ஷன் இல்ல, கணக்குப் பகுதியான குவொண்ட்ல ஜியோமெட்ரி இல்ல, தந்த தகவல் விடை காணப் போதுமா எண்டு கேக்கிற டேட்டா சஃபிஷன்ஸி, டேபிள், கிராஃப் பார்த்து விடை சொல்லுற டேட்டா இன்சைட்ஸ் பகுதிக்கு மாறிட்டுது. முக்கோணத்தோட மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிற நேரம் வீண். ஸ்கோரும் இப்ப 205 தொடக்கம் 805 வரை, பழைய 700க்குக் கிட்டத்தட்ட 645 சமன், அதால அண்ணா எடுத்த மார்க்ஸோட உங்கட மார்க்ஸை வச்சுக் கவலைப்படாதீங்கோ.

கொமர்ஸ் ஆக்கள் டேட்டா இன்சைட்ஸை "ஒஃபிஸ்ல பார்க்கிற எக்செல்தானே" எண்டு தள்ளி வைக்கிறதையும் பார்க்கிறன். வேர்பல், குவொண்ட், டேட்டா இன்சைட்ஸ் எண்ட மூண்டு செக்ஷனுக்கும் சம வெயிட்! அதில ஒரு கேள்விக்குள்ள ரெண்டு மூண்டு பகுதி வரும், ஒண்டு பிழைச்சாலும் முழுக் கேள்வியும் போச்சு, பாதி மார்க்ஸ் கிடையாது. கெல்குலேட்டரும் அதில மட்டும்தான் தருவினம், குவொண்ட்ல இல்ல, ஆனா பிரக்டிஸ் செய்யேக்க ஃபோனைத் தட்டித் தட்டிக் கணக்குப் பார்க்கிற ஆக்கள்தான் கூட.

நேரமும் ஒரு வீக் ஏரியாதான். குவொண்ட்ல 45 நிமிஷத்துக்கு 21 கேள்வி, ஒண்டுக்கு ரெண்டு நிமிஷம் சொச்சம். ஒரு கேள்வியில அஞ்சு நிமிஷம் ரோசம் பிடிச்சு நிண்டா கடைசியில ரெண்டு கேள்வி வெறுமையாப் போகும், விடை போடாம விட்டா ஸ்கோர் இன்னும் குறையும். புக்மார்க் பண்ணிட்டு, ஒரு விடையைப் போட்டிட்டுப் போங்கோ, செக்ஷன் முடிவில நேரம் மிஞ்சினா மூண்டு விடை வரைக்கும் மாத்தலாம்.

கடைசிப் பத்து நாளில புதுசா ஒண்டும் தொடங்க வேண்டாம், கொப்பியில கூடுதலா வந்த ரெண்டு பிழையை மட்டும் எடுத்து அதையே செய்யுங்கோ. மிச்சம் வச்ச ஒஃபிஷல் மொக்கை வேலை முடிஞ்சு வந்து இரவு பத்து மணிக்கு ஃபோன் பக்கத்தில கிடக்கச் செய்யாம, எக்ஸாம் எத்தின மணிக்கோ அதே நேரத்துக்கு, லீவு நாளில இருந்து ஒரேயடியா செய்து பாருங்கோ. பிறகும் சரிவராட்டி 16 நாள் கழிச்சுத்தான் திருப்பி இருக்கலாம், எப்ளிகேஷன் டெட்லைனைப் பார்த்து டேட்டை புக் பண்ணுங்கோ.