சூப்பர்மார்க்கெட்டில் கார் நிறுத்தியதற்கு 100 பவுண்டு நோட்டீஸா? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்கள் கவனத்துக்கு

சனிக்கிழமை பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு, அந்த இரண்டு மணி நேரத்தில் வாராந்திர சாமான் வாங்கிவிடலாம் என்று பக்கத்து சூப்பர்மார்க்கெட்டுக்குப் போயிருப்பீர்கள். பத்து நாள் கழித்து ஒரு தபால் வரும். உங்கள் கார் உள்ளே நுழையும் படம் ஒன்று, வெளியே போகும் படம் ஒன்று, கீழே அனுமதித்த நேரத்துக்கு மேல் நின்றீர்கள், 100 பவுண்டு கட்டுங்கள், 14 நாளைக்குள் கட்டினால் 60 பவுண்டு போதும் என்று மிரட்டும் தொனியில் நாலு வரி. புதிதாக வந்தவர்கள் இதைப் பார்த்ததும் விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ, லைசென்ஸ் போய்விடுமோ என்று பயந்து அன்று இரவே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அந்த நிறுவனங்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

முதலில் கடிதத்தை யார் அனுப்பியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கவுன்சில் (உள்ளாட்சி நிர்வாகம்) அனுப்பினால் அது 'பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்', சட்டப்படியான அபராதம். சூப்பர்மார்க்கெட் வளாகத்தைப் பார்த்துக்கொள்ளும் தனியார் நிறுவனம் அனுப்புவது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்'. இரண்டையும் சுருக்கமாக பிசிஎன் என்றுதான் சொல்வார்கள், குழப்பமே அங்கேதான். தனியார் நோட்டீஸ் என்பது ஒப்பந்தத்தை மீறினீர்கள், அதற்கு இவ்வளவு கொடுங்கள் என்று கேட்கும் பில், அவ்வளவுதான். குற்றவியல் விஷயம் இல்லை, லைசென்ஸில் புள்ளி ஏறாது. உங்கள் பெயரும் முகவரியும் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்றால், வாகனப் பதிவைப் பார்த்துக்கொள்ளும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவிடம் கட்டணம் கட்டி வாங்குகிறார்கள்.

ஆனால் "தனியார்தானே, கிழித்துக் குப்பையில் போடு" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், அதைக் கேட்காதீர்கள். ஒரு காலத்தில் அது பலித்தது. 2012இல் வந்த சட்டம் ஒன்று, இங்கிலாந்திலும் வேல்ஸிலும், ஓட்டியது யார் என்று தெரியாவிட்டாலும் சில நிபந்தனைகளோடு காரின் பதிவு உரிமையாளரிடமே பணம் கேட்கலாம் என்று ஆக்கிவிட்டது. அப்புறம் 2015இல் பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ் வழக்கில், செம்ஸ்ஃபோர்டில் இரண்டு மணி நேர இலவச பார்க்கிங்கில் 56 நிமிடம் கூடுதலாக நின்ற காருக்கு 85 பவுண்டு கேட்டது செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சரி, என்ன செய்வது? மேல்முறையீடு எழுத உட்காருவதற்கு முன் கடைக்குப் போங்கள். வாடிக்கையாளர் சேவை மேசையில் நோட்டீஸையும் அன்றைய பில்லையும் காட்டி, மேனேஜரிடம் ரத்து செய்யச் சொல்லிக் கேளுங்கள். பில் இல்லையா, வங்கி ஆப்பில் அந்தப் பரிவர்த்தனை இருக்கும், கடையின் லாயல்டி கார்டு கணக்கிலும் இருக்கும். பார்க்கிங் நிறுவனத்தை வேலைக்கு வைத்திருப்பதே கடைதான் என்பதால் பல இடங்களில் மேனேஜர் ஒரு மின்னஞ்சல் போட்டாலே விஷயம் முடிந்துவிடுகிறது. ஒருவர் முடியாது என்றால் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, வாராவாரம் அங்கே செலவு செய்பவர் நீங்கள்.

அதோடு சேர்த்து, நோட்டீஸ் வந்த 28 நாளைக்குள் பார்க்கிங் நிறுவனத்துக்கு மேல்முறையீடும் போட்டுவிடுங்கள், முடிந்தால் தள்ளுபடி உள்ள முதல் 14 நாளைக்குள்ளேயே. அப்படிப் போட்டால், நிராகரித்தாலும் பெரும்பாலும் தள்ளுபடி விலையை மறுபடி தருவார்கள்.

என்ன எழுதலாம்? கேமரா கணக்கில் அடிக்கடி வரும் கோளாறு, ஒரே நாளில் இரண்டு தடவை போவது. காலையில் பால் வாங்க ஒரு தடவை, மாலையில் ஏதோ மறந்துபோய் இன்னொரு தடவை. நடுவில் வெளியே போனதையும் திரும்பி வந்ததையும் கேமரா தவறவிட்டால் ஏழு மணி நேரம் அங்கேயே நின்றதாகக் காட்டும். இரண்டு பில்களும், நடுவில் வேறெங்கோ இருந்ததற்கு ஏதாவது சான்றும் போதும். அடுத்தது, கடைக்குள் இருக்கும் திரையில் வண்டி எண்ணைத் தட்டும்போது ஓ என்ற எழுத்துக்குப் பதில் பூஜ்யம் போடுவது. இப்படி ஓரிரு எழுத்து மாறியிருந்தால் ரத்து செய்ய வேண்டும் என்றுதான் இத்துறையின் சொந்த விதிமுறையே சொல்கிறது. அனுமதித்த நேரம் முடிந்தபின் குறைந்தது 10 நிமிடம் சலுகை உண்டு என்பதும் அதே விதிமுறையில் இருக்கிறது, அதனால் இரண்டு மணி நேர பார்க்கிங்கில் 2 மணி 7 நிமிடம் என்று நோட்டீஸ் வந்தால் அந்த ஒரு காரணமே போதும். கார் ஸ்டார்ட் ஆகவில்லை, குழந்தைக்கு உடம்பு முடியாமல் போனது என்றால் மெக்கானிக் பில், மருத்துவரின் குறிப்பு என எது இருந்தாலும் இணையுங்கள். அறிவிப்புப் பலகை மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தால், இருட்டில் படிக்க முடியாமல் இருந்தால், போய்ப் படம் எடுத்து வாருங்கள்.

எழுதும் முறையில் ஒரு விஷயம் முக்கியம். "நான் நிறுத்தினேன்" என்று எழுதாதீர்கள், காரின் பதிவு உரிமையாளர் என்ற முறையில், "ஓட்டுநர் நிறுத்தினார்" என்று எழுதுங்கள். கேமரா மூலம் வரும் நோட்டீஸ், சம்பவம் நடந்த மறுநாளிலிருந்து எண்ணி 14 நாளைக்குள் உரிமையாளர் கைக்கு வந்து சேர்ந்தால்தான் அந்த 2012 சட்டப்படி அவரிடம் பணம் கேட்க முடியும், பிந்தினால் ஓட்டியவர் மட்டுமே பொறுப்பு. ஓட்டியவர் யார் என்று தனியார் நிறுவனத்திடம் சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. பொய் சொல்லத் தேவையில்லை, சொல்லாமல் விடலாம். ஆனால் வேகம் மீறியதற்கு போலீஸ் கடிதம் வந்து ஓட்டியது யார் என்று கேட்டால் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் அதுவே குற்றம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அவர்கள் நிராகரித்தால், பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷன் என்ற சங்கத்தில் உள்ள நிறுவனம் என்றால் நிராகரிப்புக் கடிதத்தில் பாப்லா என்ற மேல்முறையீட்டு அமைப்புக்கான குறியீட்டு எண் இருக்கும். 28 நாள் அவகாசம், கட்டணம் இல்லை, நீங்கள் ஜெயித்தால் அந்த முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், தோற்றால் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அங்கே போனால் 60 பவுண்டு தள்ளுபடி போய்விடும், அதைத் தெரிந்துகொண்டு போங்கள். பாப்லாவில் பாவம் பார்க்க மாட்டார்கள், பலகை, சலுகை நேரம், நோட்டீஸ் வந்த தேதி, இந்த மாதிரி விஷயங்களை எழுதினால்தான் எடுபடும். வேறு சங்கத்தில் உள்ள நிறுவனங்களுக்கு ஐஏஎஸ் என்று ஓர் அமைப்பு (நம்ம ஊர் கலெக்டர் இல்லை). அதன் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

இதற்கெல்லாம் பிறகு கடன் வசூல் நிறுவனங்களிடமிருந்து 70 பவுண்டு கூட்டி சிவப்பு எழுத்தில் கடிதங்கள் வரலாம். அவர்களுக்கு வீட்டுக்குள் வந்து பொருளைத் தூக்கிப்போக அதிகாரம் இல்லை. ஆனால் 'லெட்டர் பிஃபோர் கிளைம்' என்று, வழக்குப் போடுவதற்கு முந்தைய எச்சரிக்கைக் கடிதம் வந்தால் 30 நாளைக்குள் பதில் போடுங்கள், நீதிமன்றத்திலிருந்தே கிளைம் ஃபார்ம் (வழக்குப் படிவம்) வந்தால் 14 நாளைக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவியுங்கள், எதிர்வாதம் எழுத மொத்தம் 28 நாள் கிடைக்கும். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்பில் இலவசமாக ஆலோசனை தருவார்கள்.

புதிதாக வந்தவர்கள் உண்மையில் மாட்டிக்கொள்வது முகவரியில்தான். ஆறு மாதம் ஈஸ்ட்ஹாமில் ஓர் அறை, பிறகு ஹாரோ, பிறகு வேலை கிடைத்த ஊர் என்று மாறிக்கொண்டே இருப்போம், காரின் வி5சி என்ற பதிவுச் சான்றில் மட்டும் பழைய முகவரி அப்படியே இருக்கும். நோட்டீஸும் நீதிமன்றக் கடிதமும் அங்கேயே போய், நீங்கள் பதிலே தராததால் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பாகி, ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 6 வருடம் கிரெடிட் ரிப்போர்ட்டில் கிடக்கும். வீட்டுக் கடன் கேட்கும்போதுதான் தெரியவரும். வீடு மாறிய வாரமே டிவிஎல்ஏ தளத்தில் முகவரியை மாற்றிவிடுங்கள், காசு கிடையாது. நண்பர் பெயரில் உள்ள காரை ஓட்டுகிறீர்கள் என்றால் தபால் அவருக்குத்தான் போகும், வந்தால் உடனே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வையுங்கள்.