நின்றுபோன முதியோர் உதவித்தொகையைத் திரும்பப் பெறுவது எப்படி?

குறுவை நடவுக் காலத்தில் மன்னார்குடி, ஒரத்தநாடு பக்கத்து ஊர்களில் பகல் முழுவதும் பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். அறுபதைக் கடந்த பெண்களும் நாற்றுப் பறிக்கப் போயிருப்பார்கள். அந்த நேரத்தில் கள ஆய்வுக்கு வந்தவர் ‘முகவரியில் இல்லை’ என்று எழுதிச் சென்றால், மாதம் 1,200 ரூபாய் நின்றுவிடக்கூடும். அரிசி ரேஷனில் விலையின்றிக் கிடைக்கிறது. மாத்திரைக்கும் எண்ணெய்க்கும் பேருந்துக்கும் இந்தப் பணம்தான். பணம் நின்ற இரண்டாம் மாதமே சர்க்கரை மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்கிய ஒரு பெரியம்மாவை எங்கள் தெருவிலேயே பார்த்தேன்.

முதலில் வங்கிப் பாஸ்புக்கில் பதிவு போட்டு, கடைசியாகப் பணம் வந்த மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு முடங்கியிருந்தாலோ, ஆதார் இணைப்பு வேறு கணக்குக்கு மாறியிருந்தாலோ வங்கியிலேயே சரிசெய்துவிடலாம்.

வங்கியில் குறை இல்லையென்றால், வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரைப் பாருங்கள். “புதிதாக மனுப் போடுங்கள்” என்று அங்கே சொல்லக்கூடும். உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. புது மனு என்றால் பழைய நிறுத்தம் சரிதான் என்று ஒப்புக்கொண்டதுபோல் ஆகி, இடைப்பட்ட மாதங்களின் நிலுவையைக் கேட்கும் வழி அடைபடக்கூடும். ஆகவே, ‘எந்த ஆணையின்படி, எந்தக் காரணத்தால், எந்தத் தேதியில் நிறுத்தப்பட்டது, அதற்கு முன் எனக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டதா’ என்று கேட்டு, தொகையை நிலுவையோடு மீண்டும் வழங்கக் கோரும் மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். விளக்கம் கேட்காமல் ஒருவரின் வாழ்வாதாரத்தை நிறுத்துவது இயற்கை நீதிக்குப் புறம்பானது என்பதை மனுவிலேயே எழுதலாம். குடும்ப அட்டை, ஆதார், பாஸ்புக் நகல்களை இணையுங்கள். இறந்துவிட்டதாகப் பதிவாகியிருந்தால் அவரையே நேரில் அழைத்துச் செல்வது நல்லது. உயிரோடிருப்பவரை உயிரோடிருப்பதாக நிரூபிக்கச் சொல்வதைவிடப் பெரிய அவமானம் இல்லை, ஆனாலும் கோப்பு அதனால்தான் நகரும்.

பதில் வராவிட்டால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுவின் நகலைக் கொடுங்கள். முதலமைச்சரின் உதவி மைய எண்ணான 1100-இலும் புகாரைப் பதியலாம். கூடவே, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்கீழ் நிறுத்த ஆணையின் நகலையும் கள ஆய்வு அறிக்கையையும் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர் சான்று இணைத்தால் அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பாராமல் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள். ரிட் மனு (அரசு அலுவலகத்தின் நடவடிக்கையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) போடும் நிலை வந்தால், தஞ்சாவூர் மாவட்டத்தார் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டத்தார் சென்னைக்கும் போக வேண்டும்.