பிரின்செப் காட் படித்துறையிலிருந்து வித்யாசாகர் சேதுவைப் படமெடுக்க

கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றின் மேல் நிற்கும் இந்தக் கம்பிவடப் பாலம் 1992 அக்டோபரில் திறக்கப்பட்டது. நீளம் 823 மீட்டர், நடு இடைவெளி மட்டும் 457 மீட்டர். சர்க்குலர் ரயிலில் பிரின்செப் காட் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான். வண்டிகள் குறைவு, திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

வடங்களின் நிறமும் தடிமனும் தெரிய வேண்டுமா? காலையில் போங்கள், வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து விழும். மாலையில் சூரியன் எதிர்க்கரையான ஹவுரா பக்கம் இறங்கும். பாலம் கருநிழலாகத்தான் வரும். அதுவும் அழகுதான். ஆனால் போனில் பாலத்தைத் தொட்டு ஒளி அளந்தால் வானம் வெளுத்துப்போகும். வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

போனை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்ந்ததுபோல் விழும். நேராகப் பிடித்துப் பின்வாங்குங்கள். கோபுர உச்சியருகே கூடி விசிறியாக விரியும் வடங்கள் முழுதும் சட்டத்துக்குள் வரட்டும். தளத்தின் பாரம் அவற்றின் வழியேதான் கோபுரத்துக்கு ஏறுகிறது.

படகில் போனால் கூலியை ஏறுமுன் பேசிவிடுங்கள். ஹூக்ளியில் கடல் ஏற்றவற்றம் உண்டு. வற்றத்தில் கீழ்ப்படிகளில் சேறு படிந்திருக்கும், வழுக்கும்.