பிராந்திய ராணுவத்தில் அதிகாரியாகச் சேர்வது எப்படி?

பார்க்கும் வேலையை விடாமலேயே எல்லைக் காவலுக்குத் தோள்கொடுக்க விரும்பும் இந்தியப் பட்டதாரிகளுக்கு உள்ள வழி பிராந்திய ராணுவம். 1949 அக்டோபர் 9 அன்று கவர்னர் ஜெனரல் ராஜாஜி தொடங்கிவைத்த இப்படை, காவல் பணிகளை ஏற்று, முழுநேர வீரர்களைப் போர்முனைக்கு விடுவிக்கிறது. 2025 மே மாதம், இதன் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14ஐப் பணிக்கு அழைக்க ராணுவத் தளபதிக்கு மத்திய அரசு அதிகாரம் அளித்தது. இப்படி அழைப்பு வந்தால் போயே ஆக வேண்டும்.

ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே வீட்டாரிடமும் முதலாளியிடமும் பேசிவிடுங்கள். ராணுவப் பணி முடிந்து திரும்புபவரை மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு பிராந்திய ராணுவச் சட்டத்தின் 7A பிரிவு கூறுவதை அலுவலகத்தில் எடுத்துக்காட்டலாம்.

வயது 18 முதல் 42 வரை இருக்க வேண்டும். வருமானம் தரும் வேலையோ தொழிலோ கட்டாயம். முப்படைகளிலோ காவல்துறையிலோ துணை ராணுவத்திலோ பணியாற்றுபவர்கள் விண்ணப்பிக்க முடியாது.

சான்றிதழ்களை எடுத்து ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பட்டச் சான்றிதழில் இனிஷியலோடு ‘மு. செல்வம்’ என்றும், ஆதாரில் தந்தை பெயர் விரிந்து ‘செல்வம் முருகேசன்’ என்றும் இருப்பது நம்மிடையே மிகச் சாதாரணம். சரிபார்ப்பு நாளில் இதற்காக அலைவதைவிட, இப்போதே திருத்திக்கொள்வது நல்லது.

எழுத்துத் தேர்வில் தர்க்க அறிவு, அடிப்படைக் கணிதம், பொது அறிவு, ஆங்கிலம் ஆகியவை இடம்பெறும். தொடர்ந்து நேர்முகத் தேர்வு, எஸ்எஸ்பி (SSB) எனப்படும் ராணுவ அதிகாரிகள் தேர்வு வாரியத்தின் சோதனைகள், மருத்துவப் பரிசோதனை, போலீஸ் விசாரணை ஆகியவை உண்டு. எஸ்எஸ்பியில் பல நாள்கள் உங்களைக் கவனிப்பார்கள் என்பதால், மனப்பாடம் செய்த பதில்கள் அங்கே நிற்காது. குழுவாகச் செயல்படும் பழக்கமே கைகொடுக்கும்.

2019இல் காஷ்மீரில் இப்படையோடு இருந்த தோனியைப் பார்த்து ஆர்வம் கொண்டவர்கள் பலர். அவருடையது கௌரவப் பதவி. நீங்கள் லெப்டினன்டாகத் தொடங்கி, ஆண்டுதோறும் இரண்டு மாதப் பயிற்சி பெற வேண்டும். பயிற்சியிலும் பணியிலும் இருக்கும் காலத்துக்கு மட்டுமே ராணுவ ஊதியம் கிடைக்கும் என்பதால், சொந்தத் தொழில் செய்பவர்கள் அந்த மாதங்களில் கடையையோ அலுவலகத்தையோ யார் கவனிப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.