கருப்பு காய்வதற்குள் வெள்ளியை எடுக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு நண்பர் வீட்டில் பிளாஸ்டிக் விமான மாடல் செய்யும் பசங்க நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். அதில் ஒரு தம்பி 1/48 அளவு சேபர் போர் விமான மாடலைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தான். பிரித்துப் பார்த்தால் இறக்கை முழுக்க வற்றிய குளத்துச் சேறு மாதிரி பொடிப்பொடியாய் வெடிப்பு. "அண்ணே, இந்த சில்வர் பெயிண்ட் மட்டம் போல" என்றான். பெயிண்டில் ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தவறு, அதே விமானத்தில்.

பினாங்கில் சேபர் மீது பலருக்கும் ஒரு தனிப் பிரியம். 1958இல் ஆஸ்திரேலிய விமானப் படையின் சேபர்கள் பட்டர்வொர்த்துக்கு வந்தன. பிறகு 1969இல் பத்து விமானங்களை அவர்கள் மலேசியாவுக்கே கொடுத்தார்கள். நமக்கு எதிர்க்கரையில் நின்ற விமானம் அது. அதன் அலுமினிய உடம்பை மாடலில் கொண்டுவர நினைத்துத்தான் எல்லோரும் உலோகப் பூச்சில் கையை வைக்கிறார்கள்.

போத்தலைக் குலுக்கு, பெயிண்டைக் காற்றால் தூவும் ஏர்பிரஷைக் கழுவு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். உலோகப் பூச்சைக் கெடுக்கும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கருப்பு காயும் முன் வெள்ளி

ஆல்கிளாட் போன்ற லேக்கர் வகை (சட்டென்று காயும் வகை) உலோகப் பெயிண்டில் குரோம், பாலிஷ் அலுமினியம் போன்ற நிறங்களுக்குக் கீழே பளபளப்பான கருப்பு அடித்தளம் வேண்டும். அலுமினியத் துகள் படியும் அடுக்கு மிக மெல்லியது. அதைத் தாண்டிப் போகும் ஒளியைக் கீழே இருக்கும் கருப்பு விழுங்கிக்கொள்வதால்தான் கண்ணாடி மாதிரி ஆழம் கிடைக்கிறது. அதனால் உலோகத் தோற்றத்தில் பாதிக்கு மேல் அந்தக் கருப்பின் வேலை. அதற்குத்தான் யாரும் பொறுமை காட்டுவதில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் அடித்தது எனாமல் கருப்பு, மெதுவாகக் காயும் வகை. காலையில் அடித்தேன். மதியம் விரலால் தொட்டேன், ஒட்டவில்லை. சாயங்காலமே வெள்ளியை ஏற்றிவிட்டேன். அன்று இரவு அந்த விமானம் அவ்வளவு அழகாக இருந்தது. என் மகள் அதன் வயிற்றுப் பக்கத்தில் தன் பல்லைப் பார்த்துச் சிரித்தாள். மறுநாள் காலை இறக்கை வேரில் முடியளவு கோடுகள். பதறிப்போய் மறைப்பதற்கு இன்னொரு கோட்டிங் கொடுத்தேன். மதியத்துக்குள் விமானம் முழுக்க வெடித்துவிட்டது. நாலு மாத வேலை அது. தகடுகளைப் பிரித்துக் காட்டும் ஒவ்வொரு பேனல் கோட்டையும் ஊசியால் திரும்பக் கீறி வைத்திருந்தேன்.

நடந்தது இதுதான். எனாமல் மேலிருந்து காய்கிறது. மேலே ஆடை கட்டிவிடும். உள்ளே இன்னும் ஈரம் இருக்கும். அதன் மேல் லேக்கர் விழுந்ததும், லேக்கரைக் கரைத்து வைத்திருக்கும் தின்னர் உள்ளே இறங்கிக் கருப்பை ஊதவைக்கிறது. வெள்ளி நிமிஷத்தில் இறுகிவிடும், கீழே இருப்பது அசைந்துகொண்டே இருக்கும். மேல் அடுக்கு பிளக்காமல் என்ன செய்யும்?

"தொட்டால் ஒட்டவில்லை" என்பதைக் "காய்ந்துவிட்டது" என்று எடுத்துக்கொள்வதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம் வரவழைக்கிறது. டப்பாவில் போட்டிருக்கும் மணிக்கணக்கு தொடுவதற்கான கணக்கு, மேலே இன்னொரு பெயிண்ட் ஏற்றுவதற்கானது அல்ல. ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள். அது மேல் ஆடையை இன்னும் வேகமாகக் கட்டி, ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும்.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். மாடலுக்குக் கருப்பு அடிக்கும்போதே ஒரு பிளாஸ்டிக் கரண்டிக்கும் அதே பெயிண்ட், அதே எண்ணிக்கையில் கோட்டிங். கரண்டியின் முதுகு விமானத்தின் வளைவு மாதிரியே இருக்கும். எனாமலாக இருந்தால் முழுசாக ஒரு வாரம், லேக்கர் கருப்பாக இருந்தால் இரண்டு நாள் விடுகிறேன். பிறகு கரண்டியைத் தீபாவளிப் பலகார டப்பாவில் போட்டு இரவு முழுக்க மூடி வைக்கிறேன். காலையில் மூடியைத் திறந்ததும் மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும். தின்னர் வாடை துளி அடித்தாலும் இன்னும் மூன்று நாள். வாடை இல்லையென்றால் கரண்டிக் காம்பில் நகத்தை அழுத்துகிறேன். தடம் விழக்கூடாது. இரண்டும் தேறினால் கரண்டிக்குத்தான் முதலில் வெள்ளி, மாடலுக்கு அதற்கு அடுத்த நாள்.

இன்னொன்றும் பாருங்கள். காய்ந்த கருப்பில் டியூப் லைட்டின் பிம்பம் நேர்க்கோடாக விழ வேண்டும். ஓரம் ஆரஞ்சுத் தோல் மாதிரி நெளிந்தால் 2000, 4000 நம்பர் சாண்ட் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து பாலிஷ் போடுங்கள். வெள்ளி எதையும் மறைக்காது. ஒவ்வொரு கீறலையும் எடுத்துக் காட்டும்.

மழை கட்டும் மதியம்

இங்கே மூன்று மணிக்கு மேல் வானம் கருக்கும் நாள்களில் லேக்கரைத் தொடாதீர்கள். தின்னர் ஆவியாகும்போது பெயிண்டின் மேற்பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் பனி மாதிரி படிந்து, கருப்பு வெளுத்துப் புகை படர்ந்தது போல் ஆகிவிடும். கருப்பில் இப்படி நடந்தால் மெதுவாகக் காயவைக்கும் ரிட்டார்டர் கலந்த தின்னரை மெல்லிசாக மேலே அடித்துப் பல நேரம் மீட்டுவிடலாம். வெள்ளியில் நடந்தால் மீட்க முடியாது. ஐந்து ரிங்கிட்டுக்கும் பத்து ரிங்கிட்டுக்கும் ஈரப்பத மானி கிடைக்கிறது. என்னுடையது 75 சதவீதத்துக்கு மேல் காட்டினால் ஏர்பிரஷ் பெட்டியிலேயே இருக்கும். ஏர்கான் அறையில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அடிப்பதும் உதவும், காற்று வெளியேற வழி செய்துகொண்டு.

கெட்டியாக அடிப்பது

ஏர்பிரஷில் காற்றழுத்தம் 12 முதல் 15 பிஎஸ்ஐ, மெல்லிய கோட்டிங், கருப்பு மறையத் தொடங்கியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் உலோகம் போய் சாம்பல் வந்துவிடும்.

குரோம் மேல் வார்னிஷ்

வேண்டாம்.

வெறும் கை

கையுறை போடுங்கள். நம் ஊர் வியர்வைக்கு விரல் ரேகை அப்படியே பதிந்து நிற்கும்.

விமானம் முழுக்க ஒரே வெள்ளி

இது பெயிண்ட் தவறு இல்லை, பார்வைத் தவறு. பூச்சில்லாத நிஜ விமானத்தில் ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு விதமாக மின்னும். ஒன்றில் வெளிச்சம் பளிச்சென்று தெறிக்கும், பக்கத்துத் தகடு மங்கலாக நிற்கும். சேபரின் வால் பக்கம், எஞ்சின் சூடு படும் இடத்தில், தகடுகள் கருத்து, வைக்கோல் நிறமும் நீலமும் ஏறியிருக்கும். முதலில் முழுக்க ஒரு நிறம் அடித்து, ஒரு நாள் விட்டு, சில தகடுகளை மட்டும் டேப் ஒட்டிப் பிரித்து ஒரு சாயல் அடர்த்தியாக அடியுங்கள். டேப்பை நேராக மாடலில் ஒட்டாமல் இரண்டு மூன்று தடவை ஜீன்ஸ் துணியில் ஒட்டி எடுத்து, பசை குறைந்த பிறகு ஒட்டுங்கள். வால் பகுதிக்கு நீலம் கலந்த கிளியர் பெயிண்டைத் தின்னரில் நிறையவே நீர்க்கவைத்து, தகட்டின் ஓரத்தில் மட்டும் ஒரு மூச்சு. நிறம் தெரிகிறதா இல்லையா என்ற சந்தேகம் வரும் இடத்தில் கையை எடுத்துவிடுங்கள்.

அந்தத் தம்பியின் இறக்கையை அன்றே தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தொடங்கினோம். ஒரு பக்கம் பிளாஸ்டிக் தெரியும் வரை வந்திருக்கிறது. மீதியை வீட்டில் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.