வீட்டிலேயே சர்க்யூட் போர்டு: எந்தத் தாளில் பிரிண்ட் எடுப்பது?

செம்புத் தகடு ஒட்டிய போர்டு, செம்பைக் கரைக்கும் ஃபெரிக் குளோரைடு, கைத்துளைப்பான் எல்லாம் ஆசையாக வாங்கி வைத்துவிட்டு, வீட்டில் கிடக்கும் ஏ4 தாளில் சர்க்யூட் கோடுகளைப் பிரிண்ட் எடுத்து, போர்டின் மேல் வைத்து அயர்ன் பாக்ஸால் தேய்த்துப் பார்த்து, பாதி ஒட்டி பாதி ஒட்டாமல் போனதும் "இது நமக்குச் சரிப்படாது" என்று மூட்டை கட்டியவர்கள் நிறைய பேர். பெரும்பாலும் குறை கையில் இல்லை, தாளில்தான். அதனால் இங்கே தாளுக்கும் பிரிண்டருக்கும்தான் அதிக இடம், மற்றதை வேகமாகத் தாண்டிவிடுகிறேன்.

முதலில் நடப்பது என்னவென்று புரிந்துகொள்ளுங்கள்.

லேசர் பிரிண்டரில் இருக்கும் டோனர் உண்மையில் மை இல்லை, கருப்பு நிறம் கலந்த பிளாஸ்டிக் தூள். சூடு பட்டால் இளகும், ஆறினால் இறுகும். தாளில் ஒட்டியிருக்கும் அந்தத் தூளை மறுபடி சூடாக்கிச் செம்புத் தகட்டின் மேல் ஒட்ட வைக்கிறோம், அவ்வளவுதான் வித்தை. டோனர் மூடிய இடத்தை ஃபெரிக் குளோரைடு தொடாது, மீதிச் செம்பைக் கரைத்துவிடும். ஆக, தாள் மூன்று வேலை செய்ய வேண்டும்: பிரிண்டருக்குள் இருக்கும் ஏறக்குறைய 200 டிகிரி சூட்டைத் தாங்க வேண்டும், டோனரை நாருக்குள் இறங்க விடக்கூடாது, கடைசியில் தண்ணீரில் ஊறிக் கழன்றுவிட வேண்டும். சாதா ஏ4 தாள் முதல் வேலையை மட்டும்தான் ஒழுங்காகச் செய்கிறது.

இங்க்ஜெட் பிரிண்டர் இதற்கு ஆகாது. அதன் மை சூட்டில் இளகாது, பெரும்பாலானவை தண்ணீரிலேயே கரைந்துவிடும். வீட்டில் அதுதான் இருக்கிறது என்றால் கோப்பை பிடிஎஃப் ஆக்கி பென் டிரைவில் போட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடுங்கள். அதுவும் வசதிப்படாவிட்டால் இங்க்ஜெட்டில் எடுத்ததை நல்ல தாளில் ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளலாம், ஜெராக்ஸ் மெஷினிலும் டோனர்தான். ஆனால் அது கொஞ்சம் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ தரக்கூடும் என்பதை மனதில் வையுங்கள்.

சரி, தாள்.

என்னைக் கேட்டால் முதல் தேர்வு ஆர்ட் பேப்பர். அச்சுக்கூடத்துக்காரர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னாலே போதும். வழவழவென்று இருக்கும், மேலே வெள்ளைக் களிமண் பூச்சு இருக்கும். டோனர் அந்தப் பூச்சின் மேல் உட்காருகிறதே தவிர நாருக்குள் இறங்குவதில்லை. தண்ணீரில் பூச்சு இளகியதும் தாள் கழன்றுவிடுகிறது. 90 முதல் 130 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் சூடு உள்ளே இறங்க நேரமாகும், ஊறவும் நேரமாகும். கல்யாணப் பத்திரிகை அட்டையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. சிவகாசி பக்கத்தில் இருக்கும்போது மதுரைக்காரர்களுக்கு ஆர்ட் பேப்பருக்கா பஞ்சம்? வருஷம் முடிந்ததும் கழற்றிப் போடும் மாதக் காலண்டர் ஏடுகளைப் பாருங்கள், பின்பக்கம் வெறுமையாக இருந்தால் இன்னும் வசதி. தினசரி காலண்டரில் கிழிக்கும் தாள் உதவாது. ஆடித் தள்ளுபடிக்கு ஜவுளிக்கடைக்காரர்கள் பேப்பருக்குள் வைத்து அனுப்பும் பளபளப்பான நோட்டீஸும் பல சமயம் நன்றாக வேலை செய்யும். ஏற்கெனவே அச்சடித்த படம் இருந்தால் பயப்பட வேண்டாம். அது ஆஃப்செட் மை, டோனர் மாதிரி இளகி ஒட்டாது. என்ன, கருப்புக் கோடு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் கஷ்டம்.

கையில் இருப்பது சரியான தாள்தானா என்று கண்டுபிடிக்க ஒரு வழி: விரலை ஈரமாக்கி ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். வழுக்கிக்கொண்டு விரலில் வெள்ளையாகப் பால் மாதிரி ஒட்டினால் அது களிமண் பூச்சு, எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் முத்து முத்தாக அப்படியே நின்றால் மேலே வார்னிஷோ லாமினேஷனோ இருக்கிறது. அதைத் தூரப் போட்டுவிடுங்கள், கழன்று வராது, லாமினேஷன் என்றால் பிரிண்டருக்குள்ளேயே உருகவும் செய்யும்.

மஞ்சள் நிறத்தில் டிரான்ஸ்ஃபர் பேப்பர் என்றே ஆன்லைனில் விற்கிறார்கள். பளபளப்பான பக்கத்தில் பிரிண்ட் எடுத்து, தேய்த்து, ஆற விட்டு உரித்தால் டோனர் முழுசாகச் செம்பில் தங்கிவிடும், ஊற வைத்துச் சுரண்டும் வேலை மிச்சம். மெல்லிய கோடுகள் உள்ள போர்டுக்கு இதுதான் மேல். ஆனால் டோனர் அதில் ரொம்ப லேசாக ஒட்டியிருக்கும், நகம் பட்டாலே போச்சு. பழகும்போது காலண்டர் தாளை வீணாக்குங்கள், இதை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

இங்க்ஜெட்டுக்கென்று விற்கும் ஃபோட்டோ பேப்பரில் சில வகை ஒத்துவரும், சிலவற்றில் பிளாஸ்டிக் படலம் இருக்கும். அது சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொண்டால் பிரிண்டருக்கே செலவு வைக்கும். ஓஹெச்பி ஷீட் என்கிற கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தாளும் அப்படித்தான், லேசருக்கு என்று போட்டிருந்தால் மட்டும் தொடுங்கள். ஸ்டிக்கரை உரித்த பின்தாளை நான் பரிந்துரைக்க மாட்டேன். டோனர் நன்றாகவே கழலும், ஆனால் எங்காவது மிச்சமிருக்கும் பசை போதும் உள்ளே வம்பிழுக்க.

ஜெராக்ஸ் கடையில்

கிழித்த தாளை நீட்டி "அண்ணே, இதுல ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்கண்ணே" என்றால் "மெஷின்ல சிக்கிக்கிரும் தம்பி" என்று திருப்பித்தான் கொடுப்பார், அவர் பயமும் நியாயம்தான். தகரப் பட்டை, ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பிளேடும் ஸ்கேலும் வைத்து ஏ4 அளவுக்குப் பிசிறில்லாமல் வெட்டி, மடிப்பில்லாமல் கொண்டு போங்கள். கையால் ஒவ்வொன்றாக விடும் டிரேயில் போடச் சொல்லுங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போவதும் உத்தமம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஈரம் இழுத்துச் சுருண்டுவிடும், அப்போது பிளாஸ்டிக் கவரில் தட்டையாக வைத்திருங்கள்.

பிரிண்ட் எடுக்கும்போது அளவு 100 சதவீதம் என்று இருக்க வேண்டும், பக்கத்துக்குள் பொருத்தும் வசதியை நிறுத்திவிடுங்கள். டோனர் மிச்சம் பிடிக்கும் வசதியும் வேண்டாம், எவ்வளவு கருப்பாக வருமோ அவ்வளவு கருப்பாக வரட்டும். வந்ததும் கடையிலேயே ஒரு ஐசியை (போர்டில் பொருத்தப்போகும் சிப்) எடுத்துத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். சாதாரண ஐசியில் கால்களுக்கு இடையே 2.54 மில்லிமீட்டர். எல்லாக் காலும் புள்ளிகளில் உட்கார்ந்தால் அளவு சரி.

இடவலம் மாறுவதில்தான் புதியவர்கள் குழம்புவார்கள். செம்பு இருக்கும் பக்கத்தில் வடிவமைக்கும்போதே ஏதாவது ஓர் எழுத்தைப் போட்டு வையுங்கள், போர்டில் அது நேராகத் தெரிய வேண்டும். அப்படியென்றால் தாளில் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பித் தெரிய வேண்டும். தாளில் நேராகப் படிக்க முடிந்தால் தப்பு.

போர்டும் தேய்ப்பதும்

மதுரை டவுன் ஹால் ரோடு பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் விசாரித்தால் இரண்டு வகை போர்டு சொல்வார்கள். பழுப்பு நிறத்தில் இருப்பது பெனாலிக், விலை குறைவு, துளை போடுவது சுலபம், பழக இது போதும். வெளிர்பச்சையாக இருப்பது கண்ணாடி நார் எபாக்சி, உறுதியானது, ஆனால் துளையிடும் ஊசியைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம்.

செம்பைக் குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி புளி போட்டுத் துலக்கலாம், பளிச்சென்று வரும். பிறகு ஸ்காட்ச் பிரைட்டும் சோப்பும் போட்டுக் கழுவி, துடைத்து, கடைசியாக அசிட்டோனால் ஒரு துடை. அதற்கப்புறம் செம்பில் விரல் படக்கூடாது. விரல் ரேகை இருந்த இடத்தில் டோனர் பிடிக்காது.

போர்டுக்கு அடியில் மரப்பலகை வைத்து, பிரிண்ட் செம்பில் படும்படி தாளைக் கவிழ்த்துப் போடுங்கள். சமையல் மேடை கிரானைட்டில் வைத்தால் கல் சூட்டையெல்லாம் குடித்துவிடும். அயர்ன் பாக்ஸைக் காட்டன் அளவில் வைத்து, நீராவியை நிறுத்தி, முதலில் அசையாமல் அரை நிமிடம் அழுத்துங்கள். பிறகு நுனியால் ஓரங்களையும் சேர்த்து மூன்று நான்கு நிமிடம் தேயுங்கள். தாளின் பின்பக்கம் கோடுகள் லேசாகப் புடைத்துத் தெரிந்தால் பிடித்துவிட்டது. சில பிரிண்டர்களின் டோனர் இளக அதிகச் சூடு கேட்கும், அங்கே இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். கோடு நசுங்கி அகலமானால் அழுத்தம் அதிகம். முதல் போர்டில் கோடுகளை 1 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறியதும் சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப் போட்டு, கட்டைவிரலால் உருட்டி உருட்டித் தாளை எடுங்கள். பிய்க்காதீர்கள். காய்ந்த பிறகு கோடுகளுக்கு நடுவே வெள்ளையாகப் பூச்சு தெரியும், அது அங்கே செம்பைக் கரைய விடாது, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துவிடுங்கள். விட்டுப்போன கோட்டை பெர்மனன்ட் மார்க்கரால் இழுத்துக்கொள்ளலாம்.

ஃபெரிக் குளோரைடைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், தூளின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், சூடு கிளம்பும். பிளாஸ்டிக் டப்பாவில்தான் வைக்க வேண்டும், எவர்சில்வரையே அரித்துவிடும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். போர்டை அந்தக் கரைசலில் மூழ்க வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் வேகமாகக் கரைக்கும், சித்திரை வெயிலில் மாடியில் வைத்தாலே போதும், குழந்தைகள் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் போர்டைக் கழுவி, டோனரை அசிட்டோனால் துடைத்தால் செம்புக் கோடு வெளிவரும். ரெசிஸ்டர் கால்களுக்கு 0.8 மில்லிமீட்டர் துளை, கனெக்டர்களுக்கு 1 மில்லிமீட்டர்.

மிச்சக் கரைசலைப் பிளாஸ்டிக் பாட்டிலில் மூடி வைத்துப் பல தடவை பயன்படுத்தலாம். சக்தி போனதும் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அதில் செம்பு இருக்கிறது. சலவை சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டு, நுரை அடங்கி வண்டல் தங்கியதும் வடிகட்டி, அந்த வண்டலை உலர்த்திக் கட்டி, அபாயகரமான கழிவு என்று எழுதித் தனியாகக் கொடுங்கள்.