மார்ச்சில் யூட்டா, அரிசோனா: குடும்பத்தோடு காரில் கிளம்புவதற்கு முன்

ஸ்பிரிங் பிரேக் என்ற வசந்தகாலப் பள்ளி விடுமுறைக்குக் குழந்தைகளோடு எந்த நேஷனல் பார்க் போகலாம் என்று யாராவது கேட்டால், நான் சொல்வது ஒரே வட்டம்தான். லாஸ் வேகஸில் இறங்கிக் கார் எடுங்கள். ஜயான், பிரைஸ் கேன்யன், பேஜ் என்ற ஊர், கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு என்று ஒரு சுற்று சுற்றித் திரும்ப லாஸ் வேகஸ் வந்துவிடுங்கள். மார்ச்சில் எல்லோஸ்டோனின் உள்சாலைகளில் பெரும்பாலானவை மூடியிருக்கும். யோசெமிட்டியில் டியோகா சாலை திறக்க இன்னும் மாதக்கணக்கில் ஆகும். இந்த வட்டத்தில் மட்டும் வெயிலும் உண்டு, பனியும் உண்டு, சாலையும் திறந்திருக்கும்.

திட்டம் போட உட்காரும்போது எல்லோரும் மைலையும் மணியையும் கணக்குப் பார்க்கிறார்கள். இந்த மாதத்தில் முதலில் பார்க்க வேண்டியது உயரம். லாஸ் வேகஸ் சுமார் 2,000 அடி. ஜயான் பள்ளத்தாக்கின் தரை 4,000 அடி. பிரைஸில் நாம் நின்று பார்க்கும் விளிம்பு 8,000 அடியில் தொடங்கி 9,000 அடியைத் தாண்டுகிறது. பேஜ் மறுபடியும் 4,300. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 7,000. ஆயிரம் அடி ஏறினால் நாலைந்து டிகிரி ஃபாரன்ஹீட் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஜயானில் டீ-ஷர்ட்டோடு நடந்த பிள்ளை, இரண்டு மணி நேரம் காரில் உட்கார்ந்து பிரைஸில் இறங்கும்போது முழங்கால் வரை பனி கிடக்கலாம். பிரைஸில் மார்ச் இரவுகளில் 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போவதெல்லாம் சர்வசாதாரணம்.

அதனால் வானிலை பார்க்கும்போது பக்கத்து ஊரின் பெயரைத் தட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அரசு வானிலைத் துறையின் தளத்தில் வரைபடம் இருக்கும். பார்க்கில் நீங்கள் நிற்கப்போகும் இடத்தை அதில் நேராகத் தொட்டால் அந்தப் புள்ளிக்கான கணிப்பு வரும், உயரத்தோடு. நான் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தினமும் இரவு பிரைஸ் புள்ளியைத்தான் பார்ப்பேன். மற்ற இடங்களெல்லாம் எப்படியும் சமாளிக்கக்கூடியவை.

தங்கும் இடத்தில்தான் என் யோசனை மற்றவர்களிடமிருந்து கொஞ்சம் மாறும். பலர் ஜயானுக்கு அதன் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் ஊர், பிரைஸுக்கு பார்க் வாசல் என்று இரவுகளைப் பிரித்துவிடுகிறார்கள். பிரைஸ் வாசலில் புக் செய்த அதே இரவில் பனிப்புயல் வந்தால் அன்றைய பணமும் போச்சு, பார்க்கும் போச்சு. நான் முதல் இரண்டு இரவு ஸ்பிரிங்டேலில், அடுத்த இரண்டு இரவு கனாப் என்ற சின்ன ஊரில் போடுவேன். கனாபிலிருந்து பிரைஸ் ஒன்றரை மணி நேரம், பேஜ் ஒன்றே கால் மணி நேரம், ஜயானின் கிழக்கு வாசல் முக்கால் மணி நேரம். காலையில் எழுந்து வானத்தைப் பார்த்து, இன்றைக்குப் பிரைஸா, திரும்ப ஜயானா என்று முடிவு செய்யலாம். வயதானவர்களுக்கு 8,000 அடியில் தூக்கம் சரியாக வராது. 5,000 அடியில் இருக்கும் கனாபில் அந்தத் தொல்லையும் குறைவு.

ஜயானில் ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். பள்ளத்தாக்குக்குள் போகும் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை பெரும்பாலும் ஷட்டில் பஸ்தான், நம் காரை விடமாட்டார்கள். பஸ் இலவசம், டிக்கெட் வேண்டாம். வாசலில் இருக்கும் பார்க்கிங் காலையிலேயே நிரம்பிவிடும். ஸ்பிரிங்டேலில் தங்கினால் ஊர் ஷட்டில் ஏறி வாசல் வரை போய், நடந்தே உள்ளே நுழைந்து, அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம். காரைத் தொடவே வேண்டாம். ஏஞ்சல்ஸ் லேண்டிங் ஏற 2022 முதல் குலுக்கலில் அனுமதி வாங்க வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அதை விட்டுவிடுங்கள் என்பேன். ஆற்றுக்குள் நடக்கும் நேரோஸும் அப்படித்தான்: மேலே பனி உருகி நீரோட்டம் விநாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் மூடிவிடுவார்கள், தாண்டாவிட்டாலும் தண்ணீர் ஐஸ்தான். அதற்கு முன்னால் வரும் ரிவர்சைட் வாக் போதும். போக வர இரண்டு மைலுக்குச் சற்றே அதிகம், தளம் போட்ட பாதை, பக்கத்திலேயே ஆறு. என் மாமியார் கைத்தடியோடு நிதானமாக நடந்து முடித்த பாதை அது. கடைசி ஷட்டில் நிறுத்தத்தில் இறங்கினால் அங்கேயே தொடங்குகிறது.

பிரைஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே தூண் தூணாக நிற்கும் சிவப்புப் பாறைகளை ஹூடூ என்கிறார்கள். பகலில் பனி உருகி நீர் பாறை இடுக்குக்குள் இறங்குகிறது, இரவில் உறைந்து விரிந்து பாறையைப் பிளக்கிறது. ஆண்டில் 170 நாட்களுக்கு மேல் இது நடக்கிறது. நாம் போகும் மார்ச் மாதம் அந்த வேலை நடந்துகொண்டிருக்கும் காலம், அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காலை எட்டு மணிக்கு, ஹூடூக்களுக்கு நடுவே இறங்கும் நவாஹோ லூப் பாதை கல் மாதிரி இறுகி, மேலே கண்ணாடிபோல் ஐஸ் படிந்திருக்கும். பதினொரு மணிக்கு அதே பாதை சிவப்புக் களிமண் சேறு. அடிக்கு அடி ஷூவில் அப்பி, பத்து நிமிடத்தில் ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கூடின மாதிரி இருக்கும். கொஞ்சம் நின்று குச்சியால் சுரண்டிவிட்டு நடந்தால் மறுபடியும் அப்பும்.

ஆகவே இரண்டு வேளைக்கும் தயாராகப் போங்கள். ஷூவுக்கு மேல் ரப்பரோடு இழுத்து மாட்டும் முள் சங்கிலி, மைக்ரோஸ்பைக்ஸ் என்று விற்கிறார்கள், கீழே இறங்க நினைக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி வேண்டும். குழந்தை அளவும் கிடைக்கிறது, வீட்டிலேயே மாட்டிப் பாருங்கள். டிக்கியில் ஆளுக்கு ஒரு ஜோடி மாற்றுச் செருப்பு, பெரிய பிளாஸ்டிக் பைகள், பழைய துண்டு இரண்டு. நவாஹோ லூப்பில் வால் ஸ்ட்ரீட் என்ற பக்கம் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். இன்னொரு பக்கத்தால் இறங்கி அதே வழியில் ஏறலாம். இறங்க முடியாதவர்களுக்கு சன்ரைஸ் பாயிண்டிலிருந்து சன்செட் பாயிண்ட் வரை விளிம்பிலேயே அரை மைல் தளம் போட்ட பாதை இருக்கிறது. கீழே போய் வந்தவர்களைவிட அவர்கள் பார்த்தது குறைவு என்று சொல்ல மாட்டேன். பனி பெய்த மறுநாள் 18 மைல் நீளும் பார்க் சாலையை மூன்றாவது மைலிலேயே அடைத்திருக்கலாம். கவலை வேண்டாம், முக்கியமான நாலு காட்சி முனைகளும் அதற்கு முன்னாலேயே இருக்கின்றன.

அப்புறம் கடிகாரம். இந்தப் பயணத்தில் முன்பதிவு செய்த எதுவும் கைநழுவாமல் இருக்க இதைக் கவனமாகப் படியுங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். அரிசோனா தள்ளுவதில்லை. அந்த ஞாயிறுக்கு முன் யூட்டாவும் அரிசோனாவும் ஒரே நேரம், லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா ஒரு மணி பின்னால். அதற்குப் பின் அரிசோனாவும் நெவாடாவும் ஒரே நேரம், யூட்டா ஒரு மணி முன்னால். இதில் அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவாஹோ நேஷன் என்ற பழங்குடியினர் பகுதி மட்டும் கடிகாரத்தைத் தள்ளுகிறது! பேஜ் ஊர் அரிசோனாவில், யூட்டா எல்லைக்குப் பக்கத்தில், நவாஹோ நிலத்தை ஒட்டி இருக்கிறது. போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். பேஜுக்குப் பக்கத்தில் ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகலான பாறைப் பிளவு நவாஹோ நிலத்தில் இருந்தாலும் டூர்கள் பேஜ் நேரப்படி, அதாவது அரிசோனா நேரப்படி நடக்கின்றன. பேஜ் போகும் அன்று போனில் தானியங்கி நேரத்தை அணைத்து, அரிசோனாவின் தலைநகரான ஃபீனிக்ஸ் என்று கையால் வைத்துவிடுங்கள். வண்டியில் ஒருவர் கையில் சாதாரணக் கைக்கடிகாரம் இருந்தால் இன்னும் நல்லது.

ஆன்டிலோப் கேன்யனுக்கு வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. மாதக்கணக்கில் முன்னாலேயே புக் செய்யுங்கள். பார்க் பாஸ் அங்கே செல்லாது. ஆறு குதிரை லாடம்போல் வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டிலும் செல்லாது, அங்கே வண்டிக்கு 10 டாலர் பேஜ் நகராட்சிக்குக் கட்ட வேண்டும். அந்த விளிம்பில் ஒரு சின்னப் பகுதிக்குத்தான் கம்பி வேலி. குழந்தையின் கை உங்கள் கையில் இருக்கட்டும், போட்டோவை வேறு யாராவது எடுக்கட்டும்.

சரி, பாஸ் கணக்கு. ஜயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றுக்கும் வண்டிக்குத் தலா 35 டாலர், மொத்தம் 105. வருடாந்தரப் பாஸ் 80 டாலர். ஆக இந்த ஒரு பயணத்திலேயே பாஸ் லாபம். நாலாம் வகுப்பு படிக்கும் பிள்ளை இருந்தால் ‘எவ்ரி கிட் அவுட்டோர்ஸ்’ திட்டத்தில் குடும்பத்துக்கே இலவசம், அந்தப் பாஸைக் கிளம்புமுன் தாளில் அச்சடித்து எடுத்துக்கொள்ளுங்கள். 2026 முதல் ஒரு மாற்றம்: 80 டாலர் பாஸ் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு 250 டாலர். அதிகக் கூட்டம் வரும் 11 பார்க்குகளில் வெளிநாட்டவருக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணமும் வைத்திருக்கிறார்கள். இந்த மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் பார்க் சர்வீஸ் தளத்தில் அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்துவிட்டு வாங்குங்கள், அடையாள அட்டையையும் கையில் வைத்திருங்கள்.

சாப்பாட்டுக்கு, சைவக் குடும்பம் என்றால் பார்க்குக்குள் கிடைப்பதை நம்ப வேண்டாம். சின்ன ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப் பொடி, ஊறுகாய், ஐஸ் பெட்டியில் தயிர். காலையில் சாதம் வடித்துக் கிளறிக் கட்டிக்கொண்டால் மதியம் எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் சாப்பாடு தயார். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நேரத்துக்குச் சாப்பிடுவது இந்த உயரத்திலும் குளிரிலும் ரொம்ப முக்கியம். காற்று வறட்சியாக இருப்பதால் தாகமே தெரியாது, கேட்காமலேயே தண்ணீரைக் கையில் கொடுங்கள்.

குழந்தைகளுக்கு ஒவ்வொரு பார்க்கிலும் விசிட்டர் சென்டரில் ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் கேளுங்கள். உள்ளே நுழைந்ததும் கேட்க வேண்டும், கிளம்பும்போது கேட்டால் பயனில்லை. கேள்விகளை முடித்துக் கொடுத்தால் ரேஞ்சர் பிள்ளையிடம் உறுதிமொழி வாங்கி பேட்ஜ் தருவார். ‘இன்னும் எவ்வளவு தூரம்’ என்ற கேள்வி அதற்குப் பிறகு பாதியாகக் குறையும்.

பேஜிலிருந்து கிராண்ட் கேன்யனுக்கு கேமரன் என்ற ஊர் வழியாகக் கிழக்கு வாசலில் நுழையுங்கள். தெற்கு வாசல் அளவுக்கு வரிசை இருக்காது, டெசர்ட் வியூவில் 1932-இல் கட்டிய கல் கோபுரத்தையும் வழியிலேயே பார்த்துவிடலாம். வடக்கு விளிம்பு மே நடுவில்தான் திறக்கும் என்பதால் அதை நினைக்கவே வேண்டாம். தெற்கு விளிம்பை ஒட்டிப் போகும் ஹெர்மிட் சாலையில் மார்ச் 1 முதல் ஷட்டில் மட்டும். விளிம்பிலிருந்து கீழே இறங்கும் பிரைட் ஏஞ்சல் பாதையின் மேல்பகுதியில் வெயில் படாத திருப்பங்களில் ஐஸ் கிடக்கும், பிரைஸில் மாட்டிய முள் சங்கிலி இங்கேயும் வேண்டும்.

அங்கிருந்து லாஸ் வேகஸ் 280 மைல், நாலரை மணி நேரம். இருட்டிய பிறகு விளிம்பைவிட்டுக் கிளம்பாதீர்கள், சாலையில் மான் குறுக்கே வரும். கடைசி இரவை லாஸ் வேகஸில் போட்டு, மறுநாள் மதிய விமானம் பிடியுங்கள். காரைத் திருப்பிக் கொடுக்குமுன் தரைவிரிப்புகளை வெளியே எடுத்து உதறிவிடுங்கள், பிரைஸ் மண் காய்ந்திருந்தால் எளிதாக உதிர்ந்துவிடும்.